ஈரலிற் கட்டியும் பட்டி நாயும்

ஆடி நோன்பிக்கும் மாரியம்மன் பொங்கலுக்கும் கிடாய் வெட்டுவது ஈரோடு ஜில்லாவின் கிராமங்களில் நெடுநாளைய வழக்கம். அறுத்த ஆட்டின் ஈரலிலோ நுரையீரலிலோ எலுமிச்சங்காய் போன்று வெண்மையான நீர்க்கட்டி தென்பட்டால், நம்மவர்கள் அருவருத்து, அப்பாகத்தை வெட்டியெடுத்துச் சுற்றி நிற்கும் நாய்களுக்கு எறிந்துவிடுகின்றனர். தீயதை ஒதுக்கிவிட்டோம் என்பது அவர்கள் எண்ணம். வியாதிக்கு வித்திடுவது அந்த வீச்சேயாகும்.

அக்கட்டி, நாயின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம். வளர்ந்த புழுவின் நீளம் 3 முதல் 7 மில்லிமீட்டரே. ஆயினும் கட்டியைத் தின்ற நாயின் குடலில் அவை ஆயிரக்கணக்கில் பெருகக்கூடும். சுமார் 6, 7 வாரங்களில் முட்டைகள் மலத்தோடு வெளிப்படத் தொடங்குகின்றன. வெயிலில் நன்கு காய்ந்தவை மடிந்துபோம்; கிளுவை வேலி நிழலிலும் தண்ணீர்த் தொட்டியின் ஈரத்திலும் கிடப்பவை பல மாதம் உயிரோடிருக்கும். கொறங்காட்டில் மேயும் மேச்சேரி ஆடு அவற்றைப் புல்லோடு உட்கொள்ள, மறுபடியும் ஈரலிற் கட்டி. நாயைத் தடவிய கையைக் கழுவாது சோறுண்ணும் குழந்தைக்கும் இதே கதி நேரலாம். மனிதருடலில் கட்டி பல ஆண்டுகள் வெளித்தெரியாமல் வளரும். பெருத்த கட்டிக்குப் பெரும்பாலும் ரண சிகிச்சை வேண்டியிருக்கும். உள்ளே உடைந்தால் உயிருக்கே அபாயம்.

இறைச்சியைத் தின்பதால் மனிதனுக்கு இக்கட்டி வருவதில்லை என்பதை வற்புறுத்திச் சொல்லுகிறேன். (பன்றி இறைச்சியின் நாடாப்புழு வேறு, அது சரியாக வேகாத இறைச்சியின் வழியாகவே மனிதன் குடலை அடைகிறது.) ஆகவே, கட்டியுள்ள ஈரலை அறியாமற் சமைத்துண்டவனைக் காட்டிலும், அதை நாய்க்கெறிந்தவனே ஊருக்குத் தீங்கிழைத்தவன்.

நாய்களையே ஒழித்துவிடலாமே என்பார் சிலர். இது எனக்கு உடன்பாடன்று, சட்டமும் இடந்தராது. பட்டிக்குக் காவல் நாய் இன்றியமையாதது. அதற்குக் கட்டியை ஊட்டினவர் நாமே. காவல் காக்கும் நாய்க்கு ஒரு பங்கு வேண்டாமா என்று பட்டிக்காரர் கேட்பது நியாயமே. அரை மணி நேரம் கொதிக்க வைத்துக் கொடுக்கட்டும்.

ஐஸ்லாந்து தேசத்தில் 1864-ல் இவ்வியாதியைப் பற்றிய சிறு புத்தகத்தை வீடுதோறும் வழங்கி, பின்னர் சட்டமும் செய்து இதை ஒழித்தனர். செம்மறியே செல்வமாகிய நியூஜீலந்தில் 1959-ல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. பச்சைக் கழிவை நாய்க்கிடுதல் தடுக்கப்பட்டது. நாய்களுக்குப் புழு மருந்து கொடுக்கப்பட்டது. 2002-ல் நோய் நீங்கிற்றென அறிவித்தனர்.

நகரத்து அறுப்புச்சாலையில் பரிசோதனைக்கு ஏற்பாடுண்டு. கோயிற் களத்தில் யார் பார்ப்பது? ஆதலின் ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் இதனைத் தம் காரியமாகக் கொள்ளவேண்டும் என்பது என் அபிப்பிராயம். கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தூரமாக, நாய் தோண்டாத ஆழத்தில் ஒரு குழி. மேலே சுண்ணாம்பும் மண்ணும் கனத்த கல்லும். பட்டி நாய்களுக்கு, கால்நடை மருத்துவர் எடை பார்த்துக் குறிக்கும் அளவில் பிராசிகுவான்டெல் மாத்திரை. அதை 6 வாரத்திற்கொருமுறை கொடுத்தால் முட்டை வெளிப்படவே இடமிராது. பூசாரி நோன்பிக்கு நாள் குறிக்கும்போதே குழிக்கும் இடம் குறித்துவிடுதல் நலம். கிடாய் விழுந்தபின் மண்வெட்டி தேடுவார் எவருமிலர்.