எல்லோருக்கும் 15 தானா?

கழுத்து நாளத்தில் சென்ட்ரல் லைன் என்ற மருந்துக் குழாயை இறக்கியதும், “பதினைந்து சென்டிமீட்டரில் தைத்துவிடுங்கள்” என்று சொல்லும் வழக்கம் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இன்னும் ஒழியவில்லை. படுத்திருப்பவரின் உயரம் என்ன, போட்டது வலப்பக்கமா இடப்பக்கமா, எந்த நாளம் என்ற கேள்விகளே எழுவதில்லை. இந்த அலட்சியத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

நிலக்கோட்டையில் மல்லிகை பறிக்கும் பெண்ணின் உயரம் 145 செ.மீ. என்று வையுங்கள். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை ஏற்றும் ஆணுக்கு 175. பெரெஸ் 1990-ல் வெளியிட்ட கணக்கு மருத்துவர்கள் அறிந்ததுதான்: உயரத்தைப் பத்தால் வகுத்தால் வலது கழுத்து நாளத்துக்கான ஆழம் கிடைக்கும், வலது காறையெலும்புக்குக் கீழுள்ள நாளம் என்றால் அதில் 2 குறைக்க வேண்டும். ஆணுக்கு இரண்டாவது இடத்தில் 15.5 வரும். பெண்ணுக்கு வெறும் 12.5. அவருக்கும் 15 வைத்தால் ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடுதல். மேற்பெருஞ்சிரையில் நிற்க வேண்டிய நுனி இதயத்தின் வலது மேலறைக்குள் போய்விட அந்த ஓர் அங்குலம் போதும்.

போனால் என்ன ஆகும்? துடிப்பு தாறுமாறாகலாம். நுனி உரசி உரசிச் சுவரைத் துளைத்தால் இதய உறைக்குள் நீரோ இரத்தமோ கட்டி இதயத்தை நெரிக்கும். அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். இடப்பக்கத்தில் ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. அங்கே பாதை நீளம், வளைவும் உண்டு. உயரமானவருக்கு 15-ல் நிறுத்தினால் நுனி மேற்பெருஞ்சிரையின் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். நார் அட்ரினலினும் பொட்டாசியமும் அந்தச் சுவரிலேயே கொட்டும். (நீண்டநாள் டயாலிசிஸ் குழாய்க்கு விதி வேறு, அதன் நுனி மேலறையில் இருக்கலாம்.)

கணக்கு ஒரு மதிப்பீடுதான். உறுதி செய்வது எக்ஸ்-ரே. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தைப் படத்தில் பாருங்கள். வளர்ந்தவர்களில் நுனி அந்த மட்டத்தில் நின்றால் பெரும்பாலும் இதய உறைக்கு வெளியே இருக்கிறது என்று பொருள். ஆழம் கூடியிருந்தால் வெளியே இழுத்துக்கொள்ளலாம். குறைந்திருந்தால் உள்ளே தள்ளக் கூடாது, வெளியே கிடந்த பகுதியில் கிருமி ஏறியிருக்கும். அதனால்தான் தைப்பதற்கு முன்பே யோசிக்கச் சொல்கிறோம்.

1929-ல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டெ ஊரில் வெர்னர் ஃபோர்ஸ்மான் தன் கை நாளத்தின் வழியே தன் இதயத்துக்கே குழாய் செலுத்தினார். அந்த நிலையிலும் எக்ஸ்-ரே அறைக்கு நடந்துபோய் நுனி எங்கே நிற்கிறது என்று பார்த்தார். நூறாண்டு நெருங்கும் வேளையில், அதே படத்தை எடுத்துவிட்டு யாரும் பார்க்காமல் கட்டிலுக்கடியில் போட்டுவைப்பது மன்னிக்க முடியாத குற்றம்.

“பூச்சிமருந்து குடித்தவர், பாம்புக்கடி, அளக்க ஏது நேரம்?” என்பார்கள். உயிர் ஊசலாடும்போது மருந்தை ஓடவிடுங்கள், யாரும் தடுக்கவில்லை. நெருக்கடி தணிந்த பிறகும் படம் பார்க்காததற்கு அவசரம் எப்படிக் காரணமாகும்? படுத்தவரை உச்சி முதல் குதிகால் வரை அளக்க ஒரு தையல் டேப் போதும், அரை நிமிடம் ஆகாது.

திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-ல் திறக்கப்பட்டது. அங்கே பயிலும் பிள்ளைகள் மூத்தவர்களின் கையைப் பார்த்துத்தான் தொழில் கற்பார்கள். முதல் லைன் போடும் நாளிலேயே உயரத்தைக் கேட்கும் பழக்கம் அவர்களுக்கு வர வேண்டும்.

அரசு, தனியார் என்ற பேதமின்றி திண்டுக்கல் மாவட்டத்தின் ஒவ்வொரு தீவிர சிகிச்சைப் பிரிவும் உடனே திருத்திக்கொள்ள வேண்டியது இதுதான்: உயரம், பக்கம், நாளம், தோலருகே குழாயில் தெரியும் எண், படம் பார்த்தவரின் கையொப்பம் ஆகியவை கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும். நள்ளிரவில் 108 வண்டியில் மதுரைக்கு அனுப்பும் நோயாளியின் ரெஃபரல் சீட்டிலும் அதே எண் இருக்க வேண்டும். வழியில் குழாய் நகர்ந்ததா என்று அங்கே இருப்பவருக்குச் சொல்ல வேறு எதுவும் இல்லை.