பெயரை மாற்றினால் இரும்பு ஈமான் கொள்ளுமா?



சில நாட்களாக எங்கள் மாணவர்களின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் படம் சுற்றுகிறது. பாகிஸ்தானின் 'காஸி'. மார்க்கத்துக்காகப் போரிட்டவர் என்று பொருள். கீழே தக்பீர் முழக்கம். நானாமார் பலரும் 'மாஷா அல்லாஹ்' போட்டிருக்கிறீர்கள். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறோம்.

அந்தக் கப்பலுக்குப் பிறந்த இடத்தில் வைத்த பெயர் 'டியாப்லோ'. ஸ்பானிய மொழியில் ஷைத்தான்! 1944இல் அதைக் கடலில் இறக்கியது அமெரிக்கா. 1964இல் பாகிஸ்தானிடம் வந்ததும் 'காஸி' ஆகிவிட்டது. இரும்பு அதே இரும்பு, டோர்பிடோ அதே டோர்பிடோ. 1971 டிசம்பரில் விசாகப்பட்டினத்துக்கு அருகே அது மூழ்கியபோது உள்ளே இருந்த ஒருவரும் உயிரோடு திரும்பவில்லை. 1975இல் போர்த்துக்கலிடம் இன்னொன்றை வாங்கினார்கள். அதன் பழைய பெயருக்குத் திமிங்கிலம் என்று அர்த்தம். அதையும் 'காஸி' ஆக்கினார்கள். நேற்று ஷைத்தான், இன்று திமிங்கிலம். இரண்டுக்கும் ஒரே பட்டம்!

"அவர்கள் மட்டும் என்னவாம்?" என்று கேட்பீர்கள். அவர்களும் அப்படித்தான். ரஷ்யாவின் 'நேர்ப்பா', அதாவது கடல்நாய், 2012இல் இந்தியாவிடம் குத்தகைக்கு வந்து 'சக்ரா' ஆனது. 2021இல் திருப்பிக் கொடுத்தார்கள். குத்தகைப் பொருளுக்கும் தெய்வத்தின் ஆயுதப் பெயர். பெயர் வைப்பது அரசாங்கம். அதைக் கேட்டு உருகுவது நாங்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். 1971இல் பாகிஸ்தான் இராணுவம் ஒடுக்கிய வங்காளிகளில் பெரும்பாலானோர் யார்? முஸ்லிம்கள். பிரான்சின் துலோன் துறைமுகத்தில் 'மங்ரோ' என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கியில் இருந்த வங்காள மாலுமிகள் சிலர் அந்த வருடம் தப்பியோடி விடுதலைப் போரில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரின் பெயரே காஸி ரஹ்மதுல்லாஹ்! இப்போது சொல்லுங்கள், எந்தக் காஸிக்குத் தக்பீர் சொல்வது?

கடலடியில் மாண்டவர்களை நாங்கள் இகழவில்லை. அவர்களும் யாரோ ஓர் உம்மாவின் பிள்ளைகள். அதனால்தான் சொல்கிறோம்: அவர்களின் மையித்துகளுக்கு மேல் எங்கள் பிள்ளைகளுக்கு வீரக்கதை கட்டாதீர்கள். ஆயுதத்துக்கு மார்க்கம் கிடையாது. வாங்குகிறவன் தனக்கு வேண்டிய பெயரை அதில் எழுதுகிறான், விற்கிறவன் காசை எண்ணுகிறான், உள்ளே போகிறவன் ஏழை வீட்டுப் பிள்ளை.

இனிமேல் இப்படியொரு படம் வந்தால் பகிர முன்னர் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதைச் செய்தது யார்? இதன் பழைய பெயர் என்ன? இதற்குள் செத்தது யார்? பிள்ளைகளோடு சேர்ந்திருந்து கேளுங்கள். விடை தெரிந்த பிறகும் 'மாஷா அல்லாஹ்' போட மனம் வந்தால், அதை அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் போடுங்கள்.