சீனத்துக் கல்லும் நம் வீட்டுச் சிலேட்டும்

சென்ற திங்கள் இப்பகுதியில், பணிமாற்றம் வரும்போது பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களைப் பெறும் முறை பற்றி எழுதியிருந்தோம். இத்திங்கள் சற்றுத் தொலைவு செல்ல எண்ணுகிறோம். சீன நாடு வரை சென்று மீள்வோம். பயணச் சீட்டு வேண்டா; சிறிது பொறுமை இருந்தால் போதும்.

நாம் பணிபுரியும் பார்சல் அலுவலகத்தின் மேற்பார்வையாளர் தஞ்சை மாவட்டத்துப் பெரியவர். இவ்வங்க நாட்டில் முப்பது ஆண்டுகளாக வாழ்பவர். அவருடைய மகள் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயில்கிறாள். சில திங்களுக்கு முன் ஒருநாள் மாலை அவர் நம்மைத் தம் இல்லத்திற்கு அழைத்தார்.

“தம்பி, இவளுடைய துறையினர் மாணவர்களைச் சீனத்திற்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்கிறார்கள். பாதிச் செலவைப் பல்கலைக்கழகம் ஏற்கும். மீதிக்கு நான் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எழுதவேண்டும். 1962-ஆம் ஆண்டுப் போரை என் தகப்பனார் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். 2020-இல் எல்லையில் நம் வீரர்கள் மாண்டதையும் மறக்கவில்லை. அந்த நாட்டிற்குப் பெண்ணை அனுப்பலாமா?” என்று கேட்டார்.

“கடன்பட்டுப் பெருஞ்சுவரைப் பார்ப்பானேன், அண்ணா? படந்தான் எங்கும் கிடைக்கிறதே” என்றோம். கேட்டவருக்கு இதமாகச் சொல்லிவிட்டோம் என்றே அப்போது நினைத்தோம்.

தேநீர் கொண்டுவந்த பெண் தட்டை வைத்துவிட்டு நின்றாள். “மாமா, நீங்கள் இவ்வூருக்கு வந்து எத்தனை ஆண்டுகள் ஆகின்றன?” என்றாள். பன்னிரண்டு என்றோம். “நம் நிலையத்தின் பெயர்ப்பலகையில் வங்க எழுத்தில் இருப்பதை உங்களால் படிக்க முடியுமா?” என்றாள்.

பன்னிரண்டு ஆண்டுகளாக அப்பலகையின் அருகே நடந்துதான் அலுவலகம் செல்கிறோம். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் இருக்கவே, மற்ற எழுத்தைக் கண் தேடவில்லை. விடை கூற இயலாமல் தேநீரைக் குடித்தோம்.

அவள் உள்ளே சென்று ஒரு குறிப்பேட்டைக் கொண்டுவந்தாள். ஆறு மாதங்களாக நாளுக்கு இரண்டு சீன எழுத்து வீதம் எழுதிப் பழகியிருக்கிறாள். நாள்தோறும் பயன்படும் எழுத்துக்களே 3,500 அளவில் உள்ள மொழியில், அவள் கற்றவை முந்நூற்றுச் சொச்சம். “ஓர் ஊரில் இருந்தும் கற்காமல் இருக்கலாம், மாமா. நான் போய்க் கற்றுவர ஆயத்தம் செய்கிறேன்” என்றாள். தந்தையார் அன்றிரவே கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார்.

மெட்ரிகுலேஷன் தேறியதோடு படிப்பை நிறுத்தியவர் நாம். ஆயினும் மறுநாளே அப்பெண்ணிடம் இரண்டு நூல்களை இரவல் பெற்று இரவில் வாசிக்கத் தொடங்கினோம். அவள் போய்த் திரும்பிய பின் அவளுடைய குறிப்பேட்டையும் கேட்டு வாங்கினோம். நூல்களில் கண்டதையும் அவள் கூறியதையுமே இங்குத் தருகிறோம்.

2020-இல் நின்றுபோன நேரடி விமானப் போக்குவரத்து, 2025 அக்டோபரில் கொல்கத்தாவிலிருந்து குவாங்சோ நகருக்கு மீண்டும் தொடங்கியது. மாணவர் குழுவினர் அவ்வழியே சென்று முதலில் பெய்ஜிங் அடைந்தனர். 1420-இல் கட்டி முடிக்கப்பட்டு, மிங், சிங் என்னும் இரு மரபுகளைச் சேர்ந்த 24 பேரரசர்கள் வீற்றிருந்த பெரும் அரண்மனையைக் கண்டனர். அது 1925 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

பெய்ஜிங்கிலிருந்து சியான் நகர் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். அதிவிரைவு ரயில் அத்தொலைவை நான்கரை மணி அளவில் கடந்துவிடுகிறது. நிலையங்களிலும் வண்டிகளிலும் கொதித்த வெந்நீர் விலையின்றிக் கிடைக்கிறதாம். பயணிகள் குவளையில் தேயிலையை இட்டுக்கொண்டு ஏறுகிறார்கள். நம் நிலையங்களில் வந்தால் வரவேற்கத்தக்க வழக்கம் என்பது ரயில்வேக்காரரான நம் கருத்து.

சாங்கான் என்னும் பழம்பெயருடைய சியான், பல அரச மரபுகளுக்குத் தலைநகராக இருந்த ஊர். அதன் அருகே 1974-இல் கிணறு தோண்டிய உழவர்கள் சுட்டமண் உருவம் ஒன்றன் துண்டுகளைக் கண்டனர். தோண்டத் தோண்ட ஒரு சேனையே வெளிப்பட்டது. கி.மு. 221-இல் சீனத்தை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த முதற் பேரரசன் சின் ஷி ஹுவாங்கின் கல்லறைக்குக் காவலாகப் புதைக்கப்பட்ட வீரர்கள் அவர்கள். சுமார் 8,000 உருவங்கள் இருக்கும் என மதிப்பிடுகிறார்கள். முகத்துக்கு முகம் வேறுபாடு காட்டியிருக்கின்றனர் அக்காலக் குயவர்.

நம் மனத்தைக் கவர்ந்த செய்தி வேறொன்று. அப்பேரரசன் எடை, அளவை, நாணயம், எழுத்து ஆகியவற்றை நாடெங்கும் ஒரே சீராக்கியதோடு, வண்டிகளின் அச்சு நீளத்தையும் ஒன்றாக்கினான். மண்சாலையில் சக்கரத் தடம் ஒரே அகலத்தில் பதிந்தால்தான் ஒரு நாட்டு வண்டி அடுத்த நாட்டுச் சாலையில் தடையின்றி ஓடும். இதன் அருமை நம்மவர்க்கு எளிதில் விளங்கும். அகலப் பாதையிலிருந்து மீட்டர் பாதைக்கு மூட்டை மூட்டையாகச் சரக்கை மாற்றி ஏற்றிய தொல்லையை மூத்த ஊழியர்கள் இன்றும் கூறுவர். நம் நாட்டில் ஒரே அகலப் பாதைக்கான பெருந்திட்டம் தொடங்கியது 1992-இல். அவன் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அச்சை அளந்திருக்கிறான்.

அதே பேரரசன் தனக்கு ஒவ்வாத நூல்களை எரிக்கச் செய்தான் என்பதையும் அந்நாட்டு வரலாறு மறைக்கவில்லை. கி.மு. 213-இல் நடந்தது அது. பிற்காலத்து அறிஞர் அதற்கு விடை கண்டவர் போல, நூல்களைக் கல்லில் வெட்டிவைத்தனர். சியானில் கல்வெட்டுக் காடு என்று பெயர்பெற்ற அருங்காட்சியகம் உண்டு. கி.பி. 837-இல் பொறித்து முடிந்த பன்னிரண்டு பழம்பெரு நூல்கள் 114 கற்பலகைகளில் அங்கு நிற்கின்றன. மாணவர் பிழையற்ற பாடத்தைப் பார்த்துப் படியெடுத்துக்கொள்வதற்காக அமைத்தவை.

அங்கேயே மற்றொரு கல்லையும் நம் பெண் கண்டாள். கி.பி. 781-இல் நாட்டியது. மேற்கிலிருந்து வந்த கிறித்தவத் துறவிகள் தம் வரலாற்றைச் சீன மொழியிலும், தம் சமயத்தாரின் சிரிய மொழியிலும் அதில் பொறித்திருக்கிறார்கள். “வந்த ஊரின் மொழியில் எழுதினார்கள், பெயர்களைத் தம் மொழியிலும் விடாமல் எழுதினார்கள்” என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறாள். அவ்வரியின் கீழ் இரண்டு கோடுகள் இட்டிருந்தாள்.

யுவான் சுவாங்கை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். நாளந்தாவில் பயின்று, காஞ்சிபுரம் வரை வந்து, கி.பி. 645-இல் 657 நூல்களுடன் சாங்கான் மீண்டவர் அவர். அச்சுவடிகளைக் காக்க 652-இல் எழுப்பிய காட்டு வாத்துக் கோபுரம், பின்னர்ப் புதுப்பிக்கப்பட்டு, இன்றும் சியானில் நிற்கிறது. எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் மொழிபெயர்ப்பிலேயே கழித்தார். ஆண்டுக்கணக்கில் பயணம் செய்ததன் பயனை ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து தம் மக்கள் மொழிக்குக் கொடுத்தார்.

லோயாங் நகரில் வெள்ளைக் குதிரைக் கோயில் உள்ளது. கி.பி. 68-இல் இந்தியத் துறவியர் இருவருக்காக அமைந்தது என்பது மரபு. அதன் வளாகத்தில் இந்தியா கட்டித் தந்த கோயிலை 2010-இல் நம் குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் திறந்துவைத்தார். அருகே லோங்மென் குன்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடைவரைகள். அவற்றுள் பெரிய புத்தர் சிலை 17 மீட்டர் உயரம், 675-இல் நிறைவெய்தியது. அதன் காலடியில் நின்றபோது பேசிக்கொண்டிருந்த மாணவர் அனைவரும் அடங்கிவிட்டனராம்.

இனி நம்மைத் தொடும் இடத்திற்கு வருவோம். தென்கிழக்குக் கரையில், பூஜியன் மாநிலத்தில், சுவான்சோ என்னும் துறைமுக நகர் உண்டு. மார்க்கோ போலோ சைத்தூன் என்று பெயர் சொல்லி வியந்த ஊர். 2021-இல் உலகப் பாரம்பரிய இடமாக அறிவிக்கப்பட்டது. கையுவான் கோயில் என்னும் பழைய பௌத்த ஆலயம் அங்கு உள்ளது. அதன் பெருமண்டபத்தின் பின்புறத் தூண்கள் இரண்டில் கண்ணனும் நரசிம்மரும் நிற்கிறார்கள்! அழிந்துபோன இந்துக் கோயிலின் தூண்கள் அவை. மிங் காலத்தில் ஆலயத்தைப் பழுதுபார்த்தபோது கொணர்ந்து நிறுத்தினர்.

அத்தகைய கோயில் அங்கு எப்படி வந்தது? சோழர் தூதர் 1015-இலேயே சீன அரசவை சேர்ந்தவர்கள். பின்னர் வணிகர் பலர் அத்துறைமுகத்தில் குடியேறினர். அவர்கள் விட்டுச்சென்ற தமிழ்க் கல்வெட்டொன்று சுவான்சோவில் கிடைத்தது. சக ஆண்டு 1203, அதாவது கி.பி. 1281, சித்திரைத் திங்களில் பொறித்தது. சம்பந்தப் பெருமாள் என்பவர், கானின் ஆணைப்படி, கானின் உடல்நலத்திற்காகச் சிவபெருமானை எழுந்தருளுவித்தார் என்று அது கூறுகிறது. கான் என்பது குப்ளாய் கானையே குறிக்கும் என்பர் அறிஞர் பலர். தமிழ் வரிகளின் கீழே சீன எழுத்துக்களும் உள்ளன.

அக்கல்வெட்டின் பாடத்தைத் தமிழ் அச்செழுத்தில் கொண்டுவந்திருந்தார் குழுவை நடத்திச் சென்ற பேராசிரியர். கையுவான் கோயில் தூணருகே அதை எடுத்து நம் பெண்ணிடம் நீட்டினார். “இக்குழுவில் தமிழ் அறிந்தவள் நீ ஒருத்திதான். வாசித்துக் காட்டு” என்றார்.

அவள் வங்கத்தில் பிறந்தவள். ஆங்கிலப் பள்ளியில் படித்தவள். நம் சங்கத்து ஞாயிறு வகுப்பில் இரண்டாம் புத்தகத்தோடு நின்றவள். வீட்டில் தமிழ் பேசுவாள். வாசிக்கும் பழக்கம் போய்விட்டது. எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். இரண்டாம் வரியில் நின்றாள். திரும்பத் தொடங்கினாள். மூன்றாம் வரியைத் தாண்டவில்லை. தோழியர் கைதட்டினார்கள்.

“அவர்கள் அன்பாகத்தான் தட்டினார்கள், மாமா. எனக்குத்தான் முகம் இல்லை. சீன எழுத்து முந்நூறு கற்றுக்கொண்டு போனேன். என் பாட்டனார் மொழியைக் கோட்டை விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்” என்று சொல்லித் தலைகுனிந்தாள். கேட்டுக்கொண்டிருந்த தந்தையார் எழுந்து வாசற்பக்கம் போய்விட்டார். நமக்கும் தொண்டை அடைத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் பலகையைப் பாராமல் நடந்தவர் நாம். அவளுக்கு என்ன ஆறுதல் கூறுவது?

அத்தமிழ்க் குடிகளின் பின்வரலாற்றையும் கூறிவிடுவோம். 1357 முதல் 1366 வரை சுவான்சோவில் பெருங்கலகம் நிகழ்ந்தது. அயலார் பலர் மாண்டனர், பலர் அகன்றனர். கோயில் அழிந்தது, கற்கள் சிதறின. ஆயினும் அந்நகருக்கு அருகே செடியன் என்னும் சிற்றூரில், நான்கு கைகளுடைய தேவி சிலை ஒன்றை அவ்வூரார் குவான்யின் என்று பெயரிட்டு இன்றும் ஊதுவத்தி ஏற்றி வழிபடுகின்றனர். வைத்துச் சென்றவர் யாரெனக் கேளாமல் காத்துவருகிறார்கள்.

சீனரும் நம் மொழியை மதித்ததுண்டு. கப்பற்படைத் தலைவர் செங் ஹே இலங்கைக் காலியில் நாட்டிய 1409-ஆம் ஆண்டுக் கல்லில் சீனமும் தமிழும் பாரசீகமும் பொறிக்கப்பட்டுள்ளன. படையோடு வந்தவரே பிறர் மொழியைக் கல்லில் ஏற்றி வந்தார் என்றால், பிழைக்க வந்த நாம் வந்த ஊரின் மொழியைப் பாராதிருப்பது எவ்வளவு பெரிய குறை!

பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலாவுக்கு அனுப்பலாமா என்று தயங்கும் பெற்றோர்க்கு நம் அனுபவத்திலிருந்து சில சொல்வோம். எல்லையில் அரசுகளுக்கிடையே உள்ள வழக்கு வேறு. ஒரு மக்களின் வரலாற்றைக் கற்பது வேறு. தாகூர் 1924-இல் சீனம் சென்றார். 1937-இல் சாந்திநிகேதனத்தில் சீன பவனம் தோன்றியது. இடையில் எத்தனையோ கசப்பு வந்தும் அக்கல்விக்கூடம் நிலைத்திருக்கிறது. ஆகவே அச்சத்தால் தடுக்க வேண்டா. ஆனால் போகுமுன் ஆறு மாதமாவது அந்நாட்டைப் பற்றிப் படித்திருக்கிறார்களா என்று பாருங்கள். வாங்கி வரும் பட்டுத் துணியைவிட எழுதி வரும் குறிப்பேட்டைக் கேளுங்கள். போகும் பிள்ளைக்குத் தன் வீட்டு மொழியை வாசிக்கத் தெரியுமா என்பதையும் புறப்படுமுன்னரே சோதித்துவிடுங்கள்.

கடனுக்கு இன்னும் பதினெட்டுத் தவணைகள் பாக்கி. தந்தையார் அதைப் பற்றி முணுமுணுப்பதில்லை.

இப்போது ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிக்கு அப்பெண் நம் இல்லத்திற்கு வருகிறாள். சிலேட்டின் ஒருபக்கத்தில் அவள் நமக்கு வங்க எழுத்து எழுதித் தருகிறாள். மறுபக்கத்தில் நாம் அவளுக்குத் தமிழ்ச் சொற்களை எழுதிக் கொடுக்கிறோம். நம் சிறுவன் இரண்டையும் எட்டிப் பார்த்து நம் இருவரையுமே திருத்துகிறான். சென்ற வாரம் நிலையப் பெயர்ப்பலகையை வங்க எழுத்தில் முதன்முறையாகப் படித்தோம். அன்று அலுவலகத்திற்குப் பத்து நிமிடம் தாமதம், மேற்பார்வையாளர் கோபிக்கவில்லை.

வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நம் சங்கக் கூடத்தில் அப்பெண் தன் பயணப் படங்களைக் காட்டிப் பேச இசைந்திருக்கிறாள். முடிவில் அக்கல்வெட்டுப் பாடத்தை முழுவதும் வாசிப்பாள். அன்பர்கள் பிள்ளைகளுடன் தவறாது வருக.