மேலங்கியா, காற்சட்டையா?

கனடாவிற் கல்வி பயிலும் என் பழைய மாணவன் ஒருவன், பனிச்சறுக்குப் பலகை பழகச் சென்ற கதையை எழுதியிருந்தான். கையிலிருந்த பணத்தையெல்லாம் மேலங்கிக்கே செலவிட்டு, காலுக்குப் பருத்திக் காற்சட்டை போதுமென எண்ணினானாம். ஒரு மணி நேரத்துள் நடுநடுங்கித் திரும்பினானாம். அனுப்பிய படத்தில் மேலங்கி அழகாய்த்தான் இருந்தது!

பிழை யாது? 1965 இல் அமெரிக்காவின் மிச்சிகனில் சேர்மன் பொப்பன் என்பார், தம் புதல்வியருக்காக இரு சறுக்குக் கட்டைகளை ஒன்றாகப் பிணைத்தார். அவ்வழி வளர்ந்து, 1998 இல் நகானோ ஒலிம்பிக்கிலும் இடம்பெற்ற விளையாட்டு இது. இரு கால்களும் ஒரே பலகையிற் பூட்டப்படுதலின், புதியவர் பனியில் அமர்ந்தே பூட்டுவர், விழுவதோ ஓயாது. எனவே முதலில் நனைவன முழங்காலும் பிட்டமுமே. பருத்தி அவ்வீரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். நீரோ காற்றினும் ஏறத்தாழ 25 மடங்கு வெப்பத்தைக் கடத்த வல்லது.

உடைச் சீட்டிற் காணும் 10,000 மில்லிமீற்றர் என்னும் எண், பத்து மீற்றர் உயர நீர்த்தூணின் அழுத்தத்தைத் துணி தாங்குமென்பதைக் குறிக்கும். சிறு தூறலுக்கு அது மிகை. உடற்பாரம் முழுவதும் முழங்காலில் ஊன்றும்போது மிகையன்று. வியர்வை ஆவியாய் வெளியேறவும் வழி வேண்டும். இன்றேல் உள்ளிருந்தே நனைவோம்.

அடுத்து அங்கு செல்லவிருக்கும் மாணவர்களே, கம்பளிச் சட்டைமேல் நல்ல மழையங்கி ஒன்று தொடக்கத்திற்குப் போதும். மிஞ்சும் பணம் காற்சட்டைக்கும், தலைக்கவசத்துக்கும், மணிக்கட்டுக் காப்புக்கும் ஆகட்டும். புதியவர் விழுகையிற் கையை ஊன்றுவர். பெரும்பாலும் முறிவது மணிக்கட்டே.