அப்பா சைட்டுக்காக பர்சனல் லோன் எடுக்குறதுக்கு முன்னாடி

என் நண்பனோட அப்பா போடியில் ஹாலோ பிளாக் போடும் சின்ன யூனிட் வெச்சிருக்கார். போடிமெட்டு ஏறி பூப்பாறை பக்கம் ஒரு ரிசார்ட் வேலைக்குக் கல் அனுப்பினார். பாக்கி 2.8 லட்சம். கான்ட்ராக்டரைக் கேட்டா, "ஓனர் இன்னும் ஏலக்காயை ஏலத்துக்கு விடலைண்ணே, அவர் குடுத்ததும் உங்களுக்குத்தான்"னு எட்டு மாசமா ஒரே பதில். சிமெண்ட் கடைக்கும் ஆளுங்களுக்கும் பணம் கட்ட, சென்னையில் வேலை பார்க்குற நண்பன் தன் பேரில் பர்சனல் லோன் எடுத்துட்டான். மூணு வருஷ இஎம்ஐ.

லோன் எடுத்தது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஒரு பேப்பர்கூட எழுதாம லோன் எடுத்ததுதான் எனக்குக் கோபம்.

கலிஃபோர்னியாவில் சப்ளையர் முதல் லோடு இறக்கின 20 நாளுக்குள் ஓனருக்கு நோட்டீஸ் குடுத்து வெச்சா, பணம் வராதப்போ அந்தக் கட்டடத்து மேலயே உரிமை கேட்கலாம். இங்க அப்படி எதுவும் கிடையாது. 1930 சரக்கு விற்பனைச் சட்டப்படி, சரக்கு நம்ம கையில் இருக்குற வரைக்கும்தான் அதைப் பிடிச்சு வைக்க முடியும். சுவத்துல ஏறின கல்லு போனது போனதுதான்.

நமக்கு இருக்குறது 2006 எம்எஸ்எம்இடி சட்டம். பணம் தர்ற தேதியை எழுத்தில் பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுதலைன்னா 15 நாள்தான். டெலிவரி ஆகி 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வரலைன்னா சரக்கை ஏத்துக்கிட்டதா அர்த்தம். ஏலக்காய் விக்கலைங்கிறதெல்லாம் இந்தச் சட்டத்துல காரணமே இல்லை. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு வட்டி, மாசா மாசம் கூட்டுவட்டி. 2024-ல் பேங்க் ரேட் 6.75, அப்போ வட்டி 20.25 சதவீதம். 2.8 லட்சத்துக்கு முதல் மாசமே 4,725 ரூபாய். பெரும்பாலான பர்சனல் லோன் வட்டியை விட இது அதிகம்!

சைட் கேரளாவில் இருந்தாலும் பரவாயில்லை. சப்ளையர் இருக்குற ஊரை வெச்சு, தமிழ்நாட்டு கவுன்சிலிலேயே புகார் குடுக்கலாம்.

ஆனா உத்யம் பதிவு வேணும், அதுவும் ஆர்டர் எடுக்குறதுக்கு முன்னாடியே. பின்னாடி வாங்கின பதிவு பழைய பில்லுக்கு உதவாதுன்னு 2021-ல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2025-ல் இந்தக் கேள்வி பெரிய அமர்வுக்குப் போயிருக்கு. அதை நம்பி உட்கார்ந்திருக்காதீங்க. பதிவு இலவசம், ஆதாரும் பான் கார்டும் போதும், லீவுக்கு ஊருக்குப் போறப்போ நீங்களே போட்டுக் குடுத்துடலாம். இன்னொண்ணு, வாங்கி விக்கிற ஹார்டுவேர் கடைக்கு உத்யம் இருந்தாலும் இந்த வட்டி உரிமை கிடையாது. கல்லு போடுற யூனிட்டுக்கு உண்டு.

நண்பனோட அப்பாகிட்ட உத்யம் இல்லை. அவருக்கு மிச்சம் சிவில் வழக்குதான், அதுக்குக் காலக்கெடு மூணு வருஷம். அதுக்குள்ள "பாக்கி 2.8 லட்சம்"னு கான்ட்ராக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டா, அன்னிலேருந்து மூணு வருஷம் புதுசா ஆரம்பிக்கும். அந்தக் கையெழுத்துக்காகத்தான் இந்த சனிக்கிழமை ரெண்டு பேரும் பூப்பாறைக்குப் போறாங்க, சலான் கட்டோட.