அழகான கிதார் இனிமையாகப் பாடுமா?

கிதார்களில் ‘ஜம்போ’ என்று ஒரு வகை உண்டு. சாதாரண கிதாரைவிட இதன் வயிறு பெரியது. மிக அகன்ற இடத்தில் ஏறத்தாழ 17 அங்குலம், அதாவது 43 செ.மீ. இருக்கும். 1937இல் அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் ரே விட்லி என்ற திரைப்படப் பாடகருக்காகச் செய்த ‘சூப்பர் ஜம்போ’தான் இவற்றில் மிகவும் பெயர் பெற்றது. கம்பிகளைத் தாங்கும் கட்டையை மீசை போல வளைத்திருப்பார்கள். முகத்தில் பூவேலை, கழுத்தில் முத்துச்சிப்பிப் பதிப்பு, பளபளக்கும் மெருகு என்று கல்யாண மாப்பிள்ளை போலவே இருக்கும். இன்று அதன் விலை சில லட்சம் ரூபாய்.

வைத்திக்குப்பத்தில் என் வீட்டுக்கு வரும் மாணவர்கள் கைப்பேசியில் இதன் படத்தைக் காட்டி, “சார், இதோட சவுண்டே தனி சார்!” என்கிறார்கள். படத்தில் ஓசை எப்படிக் கேட்டது என்று நான் கேட்பதில்லை. ஆனால் அவர்களில் ஒருவர் கடன் வாங்கியாவது விலையுயர்ந்த கிதார் வாங்கித் தரும்படி வீட்டில் வற்புறுத்தி வருகிறார் என்று அறிந்தபோது, இதைப் பற்றி எழுதத் தோன்றியது. அந்தப் பணத்தில் எவ்வளவு காதுக்குப் போகிறது, எவ்வளவு கண்ணுக்குப் போகிறது?

முதலில் ஒரு சிறு சோதனை. மீன் பிடிக்கும் நைலான் நரம்பு ஒரு முழம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைச் சன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை இழுத்துப் பிடித்து மீட்டுங்கள். ஓசை உங்களுக்கே சரியாகக் கேட்காது. இப்போது ஒரு தகர டப்பாவின் அடியில் சிறு துளையிட்டு, கையில் பிடித்திருந்த முனையை அதில் நுழைத்து முடிச்சிடுங்கள். டப்பாவைப் பிடித்திழுத்து மீட்டினால் அடுத்த அறைக்கும் கேட்கும். நரம்பு மெல்லியது, அது அசையும்போது காற்று அதன் இருபுறமும் நழுவிவிடுகிறது. அகன்ற தகரம் அதிரும்போது காற்று தப்ப முடியாமல் தள்ளப்படுகிறது.

கிதாரில் அந்தத் தகரத்தின் வேலையைச் செய்வது மேற்பலகை. பெரும்பாலும் ஸ்புரூஸ் என்னும் குளிர்நாட்டு ஊசியிலை மரத்தில், ஏறத்தாழ 3 மி.மீ. கனத்தில் இதைச் செய்கிறார்கள். ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ எடையைத் தொங்கவிட்டாற்போல் இழுக்க, இந்த மெல்லிய பலகை அதைத் தாங்கவும் வேண்டும், தாராளமாக அதிரவும் வேண்டும். எனவே எடை குறைந்ததாகவும் அதே சமயம் விறைப்பாகவும் உள்ள மரம் தேவைப்படுகிறது. பலகையின் உட்புறம் ‘எக்ஸ்’ வடிவில் ஒட்டப்பட்ட சட்டங்களும் இதற்காகத்தான். கிதாரின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வாங்குபவர் கண்ணுக்கு இது தெரிவதில்லை!

அப்படியானால் பெரிய வயிறு எதற்கு? பெரிய பானையின் வாயில் ஊதினால் தாழ்ந்த ஒலியும், சிறிய புட்டியின் வாயில் ஊதினால் உயர்ந்த ஒலியும் எழுவதைக் கேட்டிருப்பீர்கள். கிதாரின் துளைக்குப் பின்னே அடைபட்ட காற்றும் அப்படியே ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்கிறது. வழக்கமாக அது 100 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். கிதாரின் ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸ், ஐந்தாவது 110 ஹெர்ட்ஸ். எனவே இந்தக் காற்று தாழ்ந்த சுரங்களுக்கே துணை நிற்கிறது. வயிறு பெருத்தால் இந்த ஒத்ததிர்வு இன்னும் கீழே இறங்கும். மேற்பலகையின் பரப்பும் கூடும். ஜம்போவின் கம்பீரமான அடித்தொனிக்குக் காரணம் இதுதான். ஆக, அதன் பருமன் வெறும் அலங்காரமன்று. ஆனால் பௌதிகம் எதையும் இலவசமாகத் தருவதில்லை. விரல் கம்பிக்குக் கொடுத்த ஆற்றல்தான் ஓசையாக வெளிவருகிறது. அதை உடல் விரைவாகச் செலவழித்தால் ஓசை உரத்திருக்கும், சீக்கிரம் அடங்கியும் விடும்.

மற்ற அலங்காரங்கள்? கழுத்தில் பதித்த சிப்பியால் ஓசைக்கு லாபமுமில்லை, நட்டமுமில்லை. மேற்பலகையில் ஒட்டுவது வேறு விஷயம். 1962இல் எவர்லி சகோதரர்கள் என்ற பாடகர்களின் பெயரில் வந்த ஒரு ஜம்போவில், துளையின் இருபுறமும் பெரிய பிளாஸ்டிக் தகடுகளை ஒட்டியிருந்தார்கள். மேடையில் பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது! மத்தளத்தின் தோலில் துணியைப் போர்த்தினால் என்ன ஆகும்? கனமாகப் பூசிய மெருகும் ஓரளவு அதே வேலையைத்தான் செய்யும்.

விலையை ஏற்றும் இன்னொரு பொருள், பின்புறத்துக்கும் பக்கங்களுக்கும் பயன்படும் ஈட்டி மரம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் தோதகத்தி இதுவே. கருஞ்சிவப்பில் வரிவரியாக மிக அழகாக இருக்கும். இதனால்தான் ஓசை இனிக்கிறது என்பது கடைக்காரர்கள் முதல் கலைஞர்கள் வரை பலரின் நம்பிக்கை. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் மற்ற ஆய்வாளர்களுடன் சேர்ந்து இதைச் சோதித்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பின்புற, பக்க மரம் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒன்றுபோல ஆறு கிதார்கள் செய்யப்பட்டன. அரிய பிரேசில் ஈட்டி, இந்திய ஈட்டி, மலிவான சப்பேலி எனப் பல மரங்கள். மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் வேலைக்கான கறுப்புக் கண்ணாடி அணிந்து, 52 கிதார் கலைஞர்கள் வாசித்து மதிப்பெண் இட்டார்கள். அரிய மரமும் மலிவான மரமும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண்தான் பெற்றன.

வயலினுக்கும் இப்படி ஒரு சோதனை 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்தது. ஸ்ட்ராடிவாரி செய்த பழைய வயலின்கள் ஒருபுறம், புதியவை மறுபுறம். பழைய மரத்தின் வாசனையே காட்டிக் கொடுத்துவிடக்கூடாதென்று, முகவாய் படும் இடத்தில் வாசனைத் திரவியம்கூடத் தடவினார்களாம். 21 கலைஞர்கள் வாசித்ததில் கடைசி இடம் ஒரு ஸ்ட்ராடிவாரிக்கே கிடைத்தது.

இதைச் சொன்னால் என் நண்பரான ஓர் இசை ஆசிரியருக்குக் கோபம் வருகிறது. “அழகான வாத்தியத்தைப் பார்த்தாலே எடுத்து வாசிக்கத் தோன்றுகிறதே, அது பொய்யா?” என்கிறார். பொய்யில்லை. தஞ்சாவூர் வீணையின் யாளி முகம் நாதத்துக்கு எதுவும் செய்வதாக எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் யாளி இல்லாத வீணையை நான் விரும்பமாட்டேன். அதே வீணையின் குதிரையைப் பாருங்கள். கம்பி உட்காரும் அதன் மேற்பரப்பு மெல்ல வளைந்திருக்கும், எவரும் அதை அழகென்று புகழ்வதில்லை. மீட்டும் இடத்தால் எழக்கூடாத மேற்சுரங்கள்கூட வீணையில் எழுவதைக் கவனித்து, அதற்கு அந்த வளைவையே காரணமாகச் சி.வி. இராமன் 1921இல் எழுதினார். வடிவம் ஓசைக்கு உதவுவது இப்படி.

ஈட்டி விஷயத்தில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. மெல்ல வளரும் இம்மரம் வெட்டிக் குறைந்துபோனதால், அதைக் காக்கத் தமிழ்நாடு 1994இல் தனிச்சட்டமே இயற்றியது. காதால் பிரித்தறிய முடியாத ஒரு பெருமைக்காக மலையிலிருந்து மரம் இறங்குவது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை.

நம் ஊருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. மேல்நாட்டுக் கிதார்களை ஏறத்தாழ 45 முதல் 50 விழுக்காடு ஈரப்பதமுள்ள அறையில் செய்கிறார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் 70க்கு மேல் இருப்பது சாதாரணம். மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும், மேற்பலகை புடைக்கும், கம்பி விரல்பலகையிலிருந்து உயர்ந்து வாசிக்கக் கடினமாகும். உப்புக் காற்றில் கம்பியும் துருப்பிடிக்கும். லட்ச ரூபாய்க் கிதாருக்கும் இதில் சலுகை கிடையாது. பெட்டியில் மூடி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள்.

கடைக்குப் போகும்போது நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒரு நண்பரை அழைத்துச் செல்லுங்கள். நான்கைந்து கிதார்களை எடுத்துக் கொடுத்துவிட்டு, நீங்கள் முதுகைத் திருப்பி நின்றுகொள்ளுங்கள். எல்லாவற்றிலும் ஒரே பாட்டை, ஒரே பிளெக்ட்ரத்தால், வரிசையை மாற்றி மாற்றி இரண்டு முறை வாசிக்கச் சொல்லுங்கள். பிடித்ததைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். விலைச்சீட்டைப் பார்ப்பது அதன் பிறகு.