கப்பலேறும் பனியன், கடல் காணாத தொழிலாளி!

திருப்பூருக்குக் கடல் இல்லை. ஆயினும் கடலை நம்பித்தான் திருப்பூர் வாழ்கிறது! நூலாக வந்து, துணியாகி, சாயமேறி, பனியனாகிப் பெட்டிக்குள் புகுந்த சரக்கு, லாரியேறித் தூத்துக்குடி செல்கிறது. அங்கே கப்பலேறி ஐரோப்பாவைக் காண்கிறது, அமெரிக்காவைக் காண்கிறது. ஓவர்லாக் மிசினுக்கு முன்னே ஒன்றரை ஷிப்ட் குனிந்திருந்து அதைத் தைத்தவளோ, அந்தக் கடலின் கரையிலே ஒரு நாள் கால் நனைத்து நிற்கவும் ஓய்வு காணாள். பனியனுக்குக் கிடைத்த பயணம், பனியனைத் தைத்த கைகளுக்குக் கிடைக்கவில்லை!

இந்த ஊரிலேதான் இன்று சொகுசுக் கப்பல் பேச்சு எழுகிறது. விற்பனை இலக்கை எட்டிய முகவருக்குக் கப்பற் பயணம் பரிசாம். திருமண நாளைக் கொண்டாடக் கப்பலாம். "நீங்கள் இன்னும் போகவில்லையா?" என்ற கேள்வி, மனிதனின் மதிப்பை அளக்கும் புதிய முழக்கோலாகி வருகிறது. எனவே இதைப் பற்றி நாம் பேசத்தான் வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறோம். நாம் கப்பலுக்குப் பகைவர் அல்லர். கடல் கடந்தால் சாதி கெடும் என்று சட்டம் எழுதியவர்கள் வேறு! 1888 இல் இலண்டனுக்குப் படிக்கச் சென்ற காந்தியாரைச் சாதியை விட்டே தள்ளி வைத்தது அவருடைய குலத்தார் கூட்டம். கணித மேதை இராமானுசன் 1914 இல் சென்னையிலே கப்பலேறுவதற்கு, அவருடைய தாயார் கனவிலே தெய்வம் வந்து உத்தரவு தர வேண்டியிருந்தது என்பது வரலாறு எழுதியோர் கூறும் செய்தி. அறிவுக்கு விலங்கு பூட்டிய அந்தக் கூட்டத்தை எதிர்த்து நின்றவர்கள் நாம். நமக்கு அண்டை ஊரான ஈரோட்டிலிருந்து கிளம்பிய பெரியார், 1931 டிசம்பரில் சென்னையிலே கப்பலேறி, சோவியத்து நாடும் செருமனியும் இங்கிலாந்தும் கண்டு, 1932 நவம்பரில் திரும்பினார். பார்த்து வந்தார், படித்து வந்தார், கண்டதைத் தமிழனுக்குச் சொன்னார். அதுவன்றோ பயணம்!

சொகுசுக் கப்பலின் கவர்ச்சியையும் நாம் மறைக்கவில்லை. பெட்டியை ஒரு முறை திறந்து வைத்தால் போதும்; ஊர் மாறும், அறை மாறாது. முதியவர் மூட்டை சுமந்து அலைய வேண்டா. அடுப்படியிலே ஆயுளைக் கழித்த தாய்க்கு மூன்று நாள் வேறொருவர் சமைத்துப் பரிமாறுகிறார். அவள் நாற்காலியிலே சாய்ந்து, நடுக்கடலில் எழும் கதிரவனைக் காண்கிறாள். இதை ஏளனம் செய்பவன் இரக்கமற்றவன். மேலும், பயணம் என்றாலே திருப்பதிக்குப் போய்த் தலையை மழித்து வருவது என்றிருந்த குடும்பம், உண்டியல் இல்லாத இடத்துக்குப் போகிறதே, அதை நாம் வரவேற்கவே செய்கிறோம்.

ஆனால் கப்பலிலும் ஓர் உண்டியல் இருக்கிறது, தோழர்களே! அதன் பெயர் சூதாட்டக் கூடம்.

2022 சூன் 4 அன்று, கோர்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரசு' என்ற கப்பல், தமிழ்நாட்டு முதலமைச்சர் கொடியசைக்கச் சென்னையிலிருந்து கிளம்பிற்று. விசாகப்பட்டினம் போயிற்று. புதுச்சேரிக்கு வந்தபோது எதிர்ப்பு எழுந்தது. சூதாட்டம் உள்ள கப்பலுக்கு இடமில்லை என்று அனுமதி மறுக்கப்பட்டது. மறு ஆண்டு, 2023 சூனில், அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போயிற்று, காங்கேசன்துறையிலும் நின்றது. கப்பல் வந்ததில் குற்றம் இல்லை. கரையருகே பூட்டிக் கிடக்கும் கூடம், நிலத்துச் சட்டத்தின் எல்லையைத் தாண்டியதும் திறக்கிறதே, அந்தத் தந்திரத்தைத்தான் கேட்கிறோம். சோதிடனிடம் கையை நீட்டாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட இளைஞன், சுழலும் சக்கரத்திடம் தன் 'அதிர்ஷ்டத்தை' ஒப்படைப்பதா? கல்லுக்குப் பதில் சக்கரம். பூசாரிக்குப் பதில் கோட்டு அணிந்தவன். மூடநம்பிக்கைக்குக் குளிரூட்டப்பட்ட கோயில்!

சட்டத்தைத் தாண்டுவது சூதாட்டத்தோடு நிற்கிறதா? இல்லை. உலகத்தின் பெருங் கப்பல் முதலாளிகளான கார்னிவல், ராயல் கரீபியன் ஆகிய இரு நிறுவனங்களும் அமெரிக்காவின் மயாமியிலிருந்து ஆளப்படுகின்றன. ஆனால் முன்னது பதிவானது பனாமாவிலே, பின்னது லைபீரியாவிலே. ஆளுமிடம் ஒன்று, பதிவு வேறொன்று! வரி குறையும், தொழிலாளர் சட்டத்தின் பிடி தளரும். கடற்றொழிலாளர் பற்றிய 2006 ஆம் ஆண்டு உலக உடன்படிக்கை, வேலை நேரத்துக்கு விதித்த மேல் வரம்பே நாளுக்கு 14 மணி, வாரத்துக்கு 72 மணி! பயணிக்கு மூன்று நாள் ஓய்வு; பரிமாறுபவனுக்குப் பல மாத ஒப்பந்தம். மேல் தளத்திலே இசை. கீழ்த் தளத்திலே சன்னலில்லா அறையிலே அடுக்குக் கட்டில்.

2020 பிப்ரவரியை நினைவுகூருங்கள். சப்பானின் யோகோகாமா துறையிலே 'டைமண்ட் பிரின்சசு' கப்பலுக்குள் 3,711 பேர் அடைபட்டார்கள். எழுநூறுக்கு மேற்பட்டோரைக் கொரோனா தொற்றியது. பயணிகளைத் தம் அறையிலேயே இருக்கச் சொன்னார்கள். அவர்களுக்குச் சோறு சுமந்தவர் யார்? கப்பல் தொழிலாளர்! ஒரே அறையைப் பங்கிட்டு உறங்கி, ஒரே கூடத்தில் உண்டு, நோயின் நடுவே வேலை செய்தார்கள். அவர்களிலே இந்தியர் நூற்றுக்கு மேற்பட்டோர் இருந்தனர்.

கப்பலிலே வேலை என்று தரகனிடம் பணம் கட்டக் காத்திருக்கும் இளைஞனே, அந்த உடன்படிக்கையிலேயே உனக்கு உதவும் விதி ஒன்றும் உண்டு. வேலை தேடித் தருவதற்காகக் கடற்றொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. 2015 இல் இந்தியாவும் இந்த உடன்படிக்கையை ஏற்றது. கேட்பவனிடம் இதைச் சொல்!

அடுத்து, நீர். நீரைக் கெடுப்பது என்றால் என்ன என்பதைத் திருப்பூர்க்காரனுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. நொய்யலிலே சாயம் ஓடிற்று; ஒரத்துப்பாளையம் அணையிலே நஞ்சு தேங்கிற்று; உழவர் நீதிமன்றம் ஏறினர். 2011 சனவரியிலே சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்ற பாடத்தை, வேலையிழந்தும் கூலியிழந்தும் இந்த ஊர் கற்றது. கடலிலே விதி என்ன? கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், ஓடிக்கொண்டிருக்கும் கப்பல், தூய்மை செய்யாத கழிவறை நீரையும் கொட்டலாம் என்பது உலக விதி! எண்ணெய்க் கழிவைக் கொட்ட அந்த விதியும் இடந்தரவில்லை. ஆகவே பிரின்சசு நிறுவனத்தின் கப்பலிலே திருட்டுக் குழாய் வைத்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பொறியாளர் 2013 இல் அதை வெளிப்படுத்தினார். 2016 டிசம்பரில் நிறுவனம் குற்றத்தை ஒப்பி, 4 கோடி டாலர் தண்டம் கட்ட இசைந்தது. இரவிலே மதகைத் திறந்த பட்டறையைக் கண்டித்த நாம், நடுக்கடலிலே குழாயைத் திறந்த மாளிகையைப் பாராட்டுவதா?

"அப்படியானால் ஏழைக்கும் கப்பல் விட்டால் சரியா?" என்று கேட்பர் சிலர். விட்டார்கள், தோழர்களே! செருமனியிலே விட்டார்கள். 1933 மே 2 அன்று தொழிற்சங்கங்களை நொறுக்கிய இட்லரின் ஆட்சி, தொழிலாளிக்கு உல்லாசப் பயணம் தந்தது. 1937 இல் 'வில்கெல்ம் குசுட்லோப்' என்ற பெருங்கப்பலையே மிதக்க விட்டது. சங்கம் பறிபோயிற்று; சுற்றுலா கிடைத்தது! 1939 இல் போர் வந்தது. கப்பலும் போருக்குப் போயிற்று, தொழிலாளியும் போருக்குப் போனான்.

அந்தக் கப்பல் மிதப்பதற்கு ஓராண்டு முன்னே, 1936 சூனில், பிரெஞ்சு நாட்டிலே நடந்தது வேறு. தொழிலாளர் ஆலைகளிலே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தனர். ஆண்டுக்கு இரு வாரம் ஊதியத்தோடு விடுமுறை என்பதைச் சட்டமாக்கினர். குறைந்த கட்டணத்தில் இரயிலேறிய தொழிலாளர் பலர், அந்தக் கோடையிலேதான் வாழ்விலே முதன்முறை கடலைக் கண்டனர். அங்கே பரிசு; இங்கே உரிமை. பரிசைக் கொடுத்தவன் பறிப்பான். உரிமையைப் பெற்றவன் காப்பான்!

திருப்பூரிலே நாம் கேட்பதும் இதுவே. இயன்றவர் கப்பலேறட்டும், அழுக்காறு இல்லை. ஆனால் முகவருக்குக் கப்பல் பரிசளிக்கும் முதலாளி, செக்கிங் பெண்ணுக்கும், ஒடிசாவிலிருந்து வந்த தையற்காரனுக்கும் கூலி குறையாத விடுமுறையைக் கணக்கிட்டுக் கொடுக்கட்டும். தொழிற்சங்கத் தோழர்கள் போனசுப் பேச்சிலே கூலியோடு விடுமுறையையும் வைக்கட்டும். பீசு ரேட்டுக்காரனுக்கு ஓய்வு என்றால் பட்டினி என்ற நிலை ஒழியட்டும்.

அன்று தூத்துக்குடிக் கரையிலே, தான் தைத்த பனியன் ஏறிப்போகும் கப்பலைத் தன் குழந்தைக்குச் சுட்டிக்காட்டி நிற்பாள் அந்தத் தாய். நாம் வேண்டும் கடற்பயணம் அங்கே தொடங்குகிறது!